கூடாரப் பண்டிகையில் பாடும் ஹல்லேல்: கேள்வி பதில்

சுக்கோத் எனப்படும் யூதர்களின் கூடாரப் பண்டிகையில் தினமும் காலையில் ஹல்லேல் என்ற துதிப் பாடல்களைப் பாடுவார்கள். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யூத வழிபாட்டு நூல்களை நெடுநாளாகப் படித்துவருகிறேன். அரசியல் கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

நாகர்கோவில்: ஹல்லேல் என்பது பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள் என்று படித்தேன். அறுவடைத் திருநாளில் பாடுவதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆறிலும் கோதுமையும் இல்லை, திராட்சையும் இல்லை. அப்புறம் என்ன பொருத்தம் ஐயா?

பதில்: நல்ல கேள்வி. எனக்கும் இதில்தான் ஈடுபாடு அதிகம்.

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் (செப்டம்பர்-அக்டோபர்) 15ஆம் நாள் பண்டிகை தொடங்குகிறது. களத்து வேலையும் திராட்சை ஆலை வேலையும் முடிந்திருக்கும். ஆனால் இஸ்ரேலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மிக அரிது. களஞ்சியம் நிறைந்திருக்கும் அதே வாரத்தில் நீர்த்தொட்டி வற்றிக் கிடக்கும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, உலகத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது இந்தப் பண்டிகையில்தான் தீர்ப்பாகிறது என்கிறது. கையில் இருப்பதற்கு நன்றி சொல்லும்போதே வரப்போவதை நினைத்துப் பயமும் இருக்கிறது. அந்த நிலையில் நின்று பாடுவது இது.

வரிசையைப் பாருங்கள். 113இல் புழுதியில் கிடந்த ஏழையை இறைவன் தூக்கிவிடுகிறார். 114இல் எகிப்தை விட்டுப் புறப்பாடு; கடைசி வரியில் பாறை நீரூற்றாகிறது. 116இல் சாவின் கயிறுகள் சுற்றிக்கொள்கின்றன. 118இல் நெருக்கத்தில் நின்று கூப்பிட்டவனை இறைவன் விசாலமான இடத்தில் நிறுத்துகிறார். அதோடு முடிந்துவிடவில்லை. 25ஆம் வசனத்தில் துதி சட்டென்று மன்றாட்டாக மாறுகிறது: ஐயோ, காப்பாற்றும்! பேரீச்சங்குருத்து, மிருதுச்செடிக் கிளை, ஆற்றலரிக் கிளை, எத்ரோக் என்ற எலுமிச்சை வகைப் பழம் நான்கையும் சேர்த்துப் பிடித்து அந்த இடத்தில் அசைக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் இந்த நான்கும் இல்லை. உலகமும் அப்படித்தான் என்று மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தல்மூதில் ரபி (யூத குரு) எலியேசர் விளக்குகிறார். விளைச்சலின் பெயர் பாட்டில் வராவிட்டால் என்ன, அது கையிலேயே இருக்கிறதே.

ஆறையும் வரிசையாக, முழுதாகப் படியுங்கள். ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்தால் இது எதுவும் தெரியாது.

கோவை: நான்கு வகைகளை எந்தத் திசையில் அசைக்க வேண்டும்?

பதில்: நான்கு திசை, மேல், கீழ். வரிசை சபைக்குச் சபை மாறும். எந்த வசனங்களில் அசைப்பது என்பதிலேயே ஹில்லேல், ஷம்மாய் என்ற பழங்கால யூத அறிஞர்களின் பள்ளிகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருந்ததை மிஷ்னா பதிவு செய்திருக்கிறது.

ஹைஃபா: இங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் அவர் கணவர் காலமானார். “இந்த வருடம் எனக்கு ஹல்லேல் வாயில் வராது” என்கிறார். பிள்ளைகள் “இது மகிழ்ச்சியின் பண்டிகை, பாடித்தான் ஆகணும்” என்று வற்புறுத்துகிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: சகோதரி, நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருங்கள், போதும். பிள்ளைகள் கேட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள்.

பண்டிகை வந்தால் வெளிப்படையான துக்கம் காப்பது நிற்கும் என்பது உண்மை. ஏழு நாள் துக்கம் பாதியில் இருந்தாலும் பண்டிகை அதை முடித்துவைத்துவிடும். அதற்காக, துக்கப்படுபவரின் தொண்டையிலிருந்து பாட்டை இழுத்து வரச் சொல்லி யாரும் எழுதவில்லை. இந்தப் பண்டிகையின் ஹல்லேல் பெண்கள்மேல் கட்டாயக் கடமையும் அல்ல. அதோடு, பாட்டைக் கவனமாகக் கேட்டவர் அதைச் சொன்னவருக்குச் சமம் என்ற விதி தல்மூதில் விவாதிக்கப்படுவதே ஹல்லேலை ஒட்டித்தான். அவர் உட்கார்ந்து கேட்கட்டும்.

116ஆம் சங்கீதத்தை அவரே ஒருநாள் எடுத்துப் பார்க்கலாம். கண்ணீர், சாவு, தளர்ந்துபோன மனம் எல்லாம் அதில் இருக்கின்றன. இறைவனின் அன்பர்களுடைய சாவு அவர் பார்வையில் மதிப்பு மிக்கது என்ற வரியும் அங்கேதான் வருகிறது. அவரைப் போன்றவர்களுக்கு இந்தத் துதியில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஆனால் நீங்களாக எடுத்து நீட்டாதீர்கள்.

சென்னை: ஹல்லேலில் குழந்தை வரம் தரும் வசனம் எது? எத்தனை முறை சொல்ல வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்பது 113இன் கடைசி வசனம். பிள்ளையில்லாதவள் தாயாகிறாள் என்று இருக்கிறது. உங்கள் ஏக்கம் புரிகிறது. அந்த வரியில் நின்று மனம்விட்டு அழுதால் அதுவும் நல்ல பிரார்த்தனைதான். ஆனால் எண்ணிச் சொன்னால் பலிக்கும் மந்திரமாக ஆக்கிவிடாதீர்கள். பலிக்காதபோது பழியை உங்கள்மேலேயே போட்டுக்கொள்வீர்கள்.

திருச்சி: இவ்வளவு அருமையான துதியைப் பண்டிகையில் மட்டும் ஏன்? நான் தினமும் ஹல்லேல் சொல்லத் தீர்மானித்திருக்கிறேன்.

பதில்: தினமும் ஹல்லேல் சொல்பவன் இறைவனை நிந்திப்பவன் என்கிறது தல்மூது.

திருச்சி: நிந்தையா! ஒரு நாளில் ஏழு தரம் துதிக்கிறேன் என்று 119ஆம் சங்கீதமே சொல்கிறதே?

பெங்களூரு: தினமும் ஹல்லேலை முடிப்பவர்களோடு என் பங்கு இருக்கட்டும் என்று ரபி யோசே சொன்னதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: விடவில்லை, வந்துகொண்டிருந்தேன். தல்மூதே இந்த முரணை எழுப்பி, ரபி யோசே சொன்னது காலைத் தொழுகையில் தினமும் வரும் துதிப் பாடல்களை என்று பதில் தருகிறது. நிந்தை ஏன் என்பதற்கு 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த தல்மூது உரையாசிரியர் ராஷி காரணம் சொல்கிறார்: குறித்த நாட்களுக்கென்று ஏற்படுத்திய துதியை எப்போதும் பாடினால் அது வெறும் பாட்டாகிவிடும், கேலியாகிவிடும்.

சேலம்: கடவுளைத் துதிக்க நாள் நட்சத்திரம் பார்க்கணுமா ஐயா? இது சடங்குவாதம்.

பதில்: இல்லை. ஆறு சங்கீதங்களையும் படிப்பாக, தியானமாகத் தினமும் வாசியுங்கள், யாரும் தடுக்கவில்லை. சங்கீதப் புத்தகம் முழுவதையும் மாதந்தோறும் படித்து முடிக்கும் யூதர்கள் உண்டு. நான் சொல்வது ஆசீர்வாதம் கூறி வழிபாடாகச் செய்யும் ஹல்லேல் பற்றி. யூதப் புத்தாண்டிலும் பாவநிவாரண நாளிலும் அது கிடையாது. வாழ்வின் ஏடும் சாவின் ஏடும் திறந்திருக்கும்போது பாட்டா என்று தல்மூது கேட்கிறது. எகிப்தியர் கடலில் மூழ்கியபோது தேவதூதர்கள் பாட வந்தார்களாம். என் கைவேலை மூழ்கும்போது பாடுகிறீர்களா என்று இறைவன் தடுத்தாராம். எப்போது வாய் மூட வேண்டும் என்று தெரிந்த துதிதான் எனக்குத் துதி. இதைச் சடங்குவாதம் என்று ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெங்களூரு: சரி, ஏற்கிறேன். அப்படியானால் எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்காவின் கடைசி ஆறு நாட்களில் சுருக்கிப் பாடுவதும், சுக்கோத்தில் எல்லா நாளும் முழுதாகப் பாடுவதும் இதனால்தானா?

பதில்: கடலில் மூழ்கிய கதையைக் காரணமாகச் சொல்லும் மித்ராஷ் (பழைய வேத விளக்கம்) உண்டு. தல்மூது தருவது வேறு காரணம்: எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் சுக்கோத்தில் ஒவ்வொரு நாள் பலியும் வேறு, பஸ்காவில் அப்படி இல்லை. முதல் நாள் 13 காளைகள், பிறகு தினமும் ஒன்று குறைந்து ஏழாம் நாள் 7, மொத்தம் 70. அந்த 70, உலகின் 70 இனங்களுக்காக என்று தல்மூது விளக்குகிறது. இப்போது 117ஐத் திறங்கள். இரண்டே வசனங்கள், எல்லா இனங்களையும் துதிக்க அழைக்கிறது. ஒரு சிறு நாட்டு விவசாயி தன் அறுவடை விழாவில் உலகத்தார் எல்லாருக்குமாகப் பாடுகிறான். எனக்கு ஹல்லேலிலேயே மிகப் பிடித்த இடம் இது.

மதுரை: கடை வியாபாரம் பெருக எந்த வசனம்?

பதில்: சென்னைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம்: குருத்தோலை ஞாயிறில் நாங்கள் பாடும் ஓசன்னா இதிலிருந்து வந்ததா?

பதில்: ஆம், 118:25. அதனால் இயேசு எருசலேமுக்குள் நுழைந்த அந்த நிகழ்ச்சியே கூடாரப் பண்டிகையில்தான் நடந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். சுவிசேஷங்கள் அதைப் பஸ்காவுக்கு முன் வைக்கின்றன.

தூத்துக்குடி: தேர்வில் வெற்றி பெற எந்த வசனம்?

பதில்: இனி இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஆறு சங்கீதங்கள், முழுதாக, வரிசையாக.

புதுச்சேரி: எத்ரோக் எங்கே கிடைக்கும்?

பதில்: மும்பை யூத சபைகளிடம் விசாரியுங்கள். 2026இல் முதல் நாள் சனிக்கிழமை, செப்டம்பர் 26. ஓய்வுநாளில் நான்கு வகைகளைக் கையில் எடுப்பதில்லை; அன்று ஹல்லேல் மட்டும்.

தஞ்சாவூர்: மழைக்காக இவ்வளவு ஏங்குகிறவர்கள் முதல் நாளே நேராகக் கேட்டுவிடலாமே?

பதில்: பண்டிகைக்காகப் போட்ட கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மழை பெய்தால் அது நல்ல அடையாளம் அல்ல என்கிறது மிஷ்னா. அதனால் ஏழாம் நாள் தொழுகைக்கூடத்தில் ஏழு சுற்று சுற்றி, ஆற்றலரிக் கிளைகளைத் தரையில் அடித்து மன்றாடியபின், எட்டாம் நாளில்தான் மழைக்கான தொழுகை. அதிலும் மழை தருபவர் என்று புகழ்வார்கள், மழை தாரும் என்ற விண்ணப்பம் அப்போதும் வராது. இஸ்ரேலில் அது திஷ்ரிக்கு அடுத்த மாதமான மர்ஹெஷ்வான் 7இல் தொடங்குகிறது. எருசலேமுக்கு வந்த கடைசி யாத்திரிகன் நனையாமல் யூப்ரட்டீஸ் நதி வரை போய்ச்சேர 15 நாள் அவகாசம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் டிசம்பர் 4 இரவு முதல் கேட்கிறார்கள்.