காட்டுக்குத் தீ வைக்கும் காவலர்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் காட்டைக் காக்க வேண்டிய பழங்குடிக் காவலர்களே மே, ஜூன் மாதங்களில் காட்டுக்குத் தீ வைக்கிறார்களாம். அதற்கு ஒரு எரிவாயு நிறுவனம் பணமும் தந்ததாம். வேலியே பயிரை மேய்ந்த கதைதானே இது?
- வாசகர், தேனி

பதில்: அவர்கள் வைக்காவிட்டால் அந்தக் காடு எரியாது என்று நினைத்துக் கேட்கிறீர்கள். வடக்கே ஆர்னெம் லேண்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மழையில் ஆளுயரம் வளரும் புல், காய்ந்ததும் எப்படியும் எரியும். எப்போது எரியலாம் என்பது மட்டும்தான் மனிதன் கையில் இருக்கிறது.

மே, ஜூனில் புல்லின் அடியில் ஈரம் மிச்சமிருக்கும். பிற்பகலில் வைத்த தீ தரையோடு ஊர்ந்துபோய், இரவுப் பனியில் பெரும்பாலும் தானே அவிந்துவிடும். ஒரு திட்டு கருகியிருக்கும், பக்கத்துத் திட்டு பச்சையாக நிற்கும். அக்டோபரில் மின்னல் விழுந்து கிளம்பும் தீ, கருகிய திட்டுகளில் முட்டித் தடுமாறும். அந்தத் திட்டுகள் இல்லையென்றால் வாரக்கணக்கில் ஓடி, மர உச்சிவரை பொசுக்கி, பாறை இடுக்குகளில் இருக்கும் அன்பினிக் என்ற மரத்தின் சோலைகளையும் ஓரம் ஓரமாகத் தின்றுவிடும்.

கற்பனையில்லை, நடந்ததுதான். 20ஆம் நூற்றாண்டில் ஆர்னெம் லேண்ட் பீடபூமியின் பழங்குடி மக்கள் கிறிஸ்தவ மிஷன் குடியிருப்புகளுக்கும் ஊர்களுக்கும் போய்விட்டார்கள். ஆளில்லாத மண்ணில் ஆண்டுக் கடைசிப் பெருந்தீதான் மிஞ்சியது. பார்தயால் நஜமெரெக் போன்ற பெரியவர்கள் (அவர் பேர்பெற்ற பாறை ஓவியரும்கூட) திரும்பிப் போய், விஞ்ஞானிகளோடும் சேர்ந்து பழைய முறையை மீட்டார்கள். இன்று நடந்துபோய்த் தீ வைப்பவர்களும் உண்டு, ஹெலிகாப்டரிலிருந்து பெர்மாங்கனேட் என்ற ரசாயனம் அடைத்த சின்னக் குப்பிகளைப் போடுபவர்களும் உண்டு. குப்பிக்குள் கிளைக்கால் (glycol) என்ற திரவத்தை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் பற்றிக்கொள்ளும், அதற்குள் அது தரைக்குப் போயிருக்க வேண்டும்!

சரி, பணம். 2006 முதல் சுமார் 28,000 சதுர கிலோமீட்டரில் இந்த வேலை நடக்கிறது. பெருந்தீ குறைவதால் காற்றில் கலக்காமல் போகும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களான மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும்தான் அந்த ஒப்பந்தத்தில் கணக்கில் எடுத்தார்கள். கரியமில வாயுவை அடுத்த மழைக்கு முளைக்கும் புல் இழுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான அளவைக் குறைப்பது என்று பேச்சு. பணம் தந்தது வட ஆஸ்திரேலிய நகரமான டார்வினில் எரிவாயு ஆலை நடத்திய கோனோகோபிலிப்ஸ்.

வேலை செய்தவர்களுக்குக் கூலி போவதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. அந்த உழைப்பை வாங்கி, ஆலை தன் புகைக் கணக்கை நேர்செய்துகொண்டதே, அதுதான் உறுத்துகிறது. அதைக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.