எல்லாரும் 'நானும் உடன்படுகிறேன்' என்றே எழுதினால்?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் அறிமுகப் பாடம் எடுக்கிறேன். மொத்தம் 60 பேர். வகுப்பில் வாய் திறக்காதவர்களும் பேசட்டுமே என்று ஆன்லைனில் ஒரு விவாதப் பகுதி தொடங்கினேன். வாரம் ஒரு கேள்வி. ஆளுக்கு ஒரு பதிவு, மற்றவர்களின் பதிவுகளுக்கு இரண்டு மறுமொழி, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் ஞாயிறு இரவு கெடு முடியும் நேரத்தில்தான் எல்லாரும் வருகிறார்கள். 'அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்' என்பதைத் தாண்டி ஒன்றும் இல்லை. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி நான்தான் களைத்துப் போகிறேன். மூடிவிடலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்: மூட வேண்டாம். ஆனால் ஆளுக்கு ஆள் பதில் எழுதுவதை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கேள்வியைப் பார்ப்போம்.

போன வாரம் கொடுத்த கேள்வியையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள்: 'கூட்டுச் சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.' எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரி, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது இடைநிலை அளவு. இது தேர்வுத்தாள் கேள்வி. முதலில் வருபவர் ஒழுங்காக எழுதிவிட்டால் கதை முடிந்தது. மீதி 59 பேர் என்ன செய்வார்கள்? அதையே வார்த்தை மாற்றி எழுதுவார்கள், அப்புறம் ஒருவருக்கொருவர் 'அருமை' போட்டுக்கொள்வார்கள். உடன்படுவதைத் தவிர அங்கே செய்ய வேறு வேலை இல்லை. இதை வைத்துப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அதே பாடத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். ஒன்பது பேருக்கு மாதச் சம்பளம் 20 ஆயிரம், மேலாளருக்கு மட்டும் 3 லட்சம். ஆள் தேவை விளம்பரத்தில் 'எங்களிடம் சராசரிச் சம்பளம் 48 ஆயிரம்' என்று போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 48 ஆயிரம்தான் வருகிறது. அப்படியானால் இது பொய்யா, இல்லையா? வருகைப் பதிவேட்டில் ஒற்றைப்படை எண் உள்ளவர்கள் நிறுவனத்தின் பக்கம் நின்று எழுதட்டும். இரட்டைப்படை எண் உள்ளவர்கள், அதை நம்பி வேலைக்கு வந்தவரின் பக்கம். விளம்பரத்தில் எந்த எண்ணைப் போட்டிருக்க வேண்டும் என்று இரு தரப்பும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

ஒருவர் வந்து 'இடைநிலை அளவு 20 ஆயிரம், அதைத்தான் போட்டிருக்க வேண்டும்' என்பார். எதிர்த்தரப்பில் ஒருவர், 'அதைப் போட்டால் 3 லட்சம் வாங்கும் ஆள் ஒருவர் இருப்பதே தெரியாதே, அதுவும் மறைப்பதுதானே?' என்று கேட்பார். அங்கேதான் சூடு பிடிக்கும். மொத்தச் சம்பளச் செலவு தெரிய வேண்டிய கணக்காளருக்குச் சராசரிதான் உதவும், 48 ஆயிரத்தைப் பத்தால் பெருக்கினால் போதும் என்று மூன்றாவதாக ஒருவர் சொல்லக்கூடும். யாருக்கு எந்த அளவு, எதற்காக என்ற இந்த இடத்துக்கு வரத்தான் நீங்கள் 'விளக்குக' என்று கேட்டீர்கள். யாரும் அங்கே வராவிட்டால், கணக்காளர் என்ன கேட்பார் என்று நீங்களே ஒரு வரி போடுங்கள்.

'இரண்டு மறுமொழி' என்ற விதியையும் மாற்றிவிடுங்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். ஒரு மறுமொழி போதும். ஆனால் அதில் ஒரு மறுப்போ, ஒரு சந்தேகமோ, எதிராளி கவனிக்காத ஒரு கணக்கோ இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் பதில்களுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் நடந்த வானியல் படிப்பின் விவாதங்களை மார்கரெட் மாசோலினி, சாரா மாடிசன் இருவரும் ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர் அதிகம் எழுதிய இடங்களில் மாணவர்கள் குறைவாக எழுதினார்கள், விவாதமும் சீக்கிரமே முடிந்தது என்பது அவர்கள் கண்டது. வேடிக்கை என்னவென்றால், அதிகம் எழுதிய ஆசிரியர்களையே மாணவர்கள் ஆர்வமுள்ளவர்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆக, நல்ல பெயர் கிடைக்கும், விவாதம்தான் நடக்காது. ஆசிரியர் வந்து சொல்லிவிட்டார் என்றால் அதற்கு மேல் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

அதற்காகக் காணாமலும் போய்விடாதீர்கள். முதல் இரண்டு நாள் படித்தால் மட்டும் போதும். யாராவது தவறான சூத்திரத்தைப் போட்டு, மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு போனால் உடனே தலையிட வேண்டியதுதான். மற்றபடி நடுவில் ஒரு முறை, முரண்படும் இரண்டு பதிவுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?' என்று மட்டும் கேளுங்கள். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குறிப்பு. 60 பதிலுக்கு ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஞாயிறு இரவுக் கூட்டத்துக்குக் காரணம் ஒரே கெடு. புதன்கிழமைக்குள் முதல் பதிவு, ஞாயிறுக்குள் மறுமொழி என்று இரண்டாகப் பிரியுங்கள். வகுப்பறையில் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதினார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாக வந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். விவாதப் பகுதியில் அந்த அவகாசத்தை நாள் கணக்கில் தர முடியும். வகுப்பில் வாய் திறக்காதவர்களுக்காகத்தானே ஆரம்பித்தீர்கள்? அவர்களைக் கடைசி நேர நெருக்கடியில் எழுத வைத்தால் ஆரம்பித்ததன் பலனே இல்லை.

இன்னொன்று, தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்களுடையது தெரியும்படி அமைக்கலாம். ஆன்லைனில் பாடம் நடத்த உதவும் மூடில் (Moodle) என்ற மென்பொருளில் கேள்வி–பதில் வகை மன்றம் என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது. அதே போன்ற கேன்வாஸிலும் (Canvas) இந்த வசதி உண்டு. பார்த்து எழுதுவது பெருமளவு நின்றுவிடும். அறுபது பேரையும் ஒரே இடத்தில் விடாமல் ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகவும் பிரித்துவிடுங்கள். ஐம்பதாவது பதிவை யாரும் படிப்பதில்லை, நீங்கள் உட்பட.

மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எழுதினால் ஒன்று, காரணம் சொன்னால் இரண்டு, இன்னொருவரின் வாதத்தை எடுத்துப் பேசினால் மூன்று. அதற்கு மேல் நுணுக்கம் பார்த்தால் திருத்துவதிலேயே செமஸ்டர் போய்விடும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: 'விளக்குக' வகைக் கேள்விக்குச் சாட்ஜிபிடி ஒரே நொடியில் விடை கொடுத்துவிடும். அதைக் கண்டுபிடித்துத் தண்டிக்கும் வேலையில் இறங்காதீர்கள், அதற்கு முடிவே இல்லை. அவரவர் ஒரு வாரம் குறித்து வைத்த தூக்க நேரம், கல்லூரிக்கு வந்து சேர ஆன நிமிடங்கள் என்று சொந்தக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் எந்த நாள் சராசரியைக் கெடுத்தது, ஏன் என்று சக மாணவர் கேட்டால் எழுதியவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

வாரம் ஒரு கேள்வியும் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். மிச்சமாகும் நேரத்தில், அங்கே வந்த இரண்டு நல்ல வாதங்களை வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் படித்துக் காட்டி, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். ஆன்லைனில் எழுதுவது வகுப்பில் எடுபடுகிறது என்று தெரிந்தால் அடுத்த முறை எழுதும் தோரணையே மாறும். எழுதியவரின் பெயரைச் சொல்வதற்கு முன் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாய் திறக்காத பிள்ளைகளில் சிலருக்கு, திடீரென்று எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதே பெரிய தொல்லை.