12 வோல்ட் 1 ஆம்பியர் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போடலாமா?

தாராளமாகப் போடலாம். சுவரில் வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை (திசை மாறி மாறி ஓடுவது) குறைந்த வோல்ட் டிசியாக (ஒரே திசையில் ஓடுவது) மாற்றும் பெட்டிதான் அடாப்டர். வோல்ட், ரவுட்டரின் அடியில் எழுதியிருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதற்குக் குறையாமல் இருந்தால் போதும். ஏனென்றால் வோல்ட் என்பது அடாப்டர் கொடுக்கும் அழுத்தம், எவ்வளவு ஆம்பியர் இழுப்பது என்பது ரவுட்டரின் வேலை. மாடித் தொட்டியில் 1000 லிட்டர் இருந்தாலும், குழாயைத் திறந்த அளவுக்குத்தானே தண்ணீர் வரும்?

0.5 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் அது சூடாகும், ரவுட்டர் அடிக்கடி அணைந்து எழும். அப்புறம், நான் முதலில் பார்ப்பது, ரவுட்டரில் செருகும் அடாப்டர் பின்னின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா, அது ரவுட்டரோடு பொருந்துகிறதா என்பதை. ஸ்டிக்கரில் சின்னப் படமாகவே போட்டிருப்பார்கள்.

பின் சரியாக நுழைந்தால் அடாப்டரும் சரி என்று நினைப்பவர்கள் நிறைய. 9 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் ஒரே பின் வருவதுண்டு.