கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஏன் காப்பி ஆகவில்லை?

கேள்வி: பதினெட்டு வருடமாக விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் கணக்கு எழுதுகிறேன். மகள் தன் பழைய மேக்புக்கைக் கொடுத்தாள். கன்ட்ரோல்-சி அழுத்தினால் காப்பி ஆகவில்லை. பேக்ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் டிலீட், என்டர் இடத்தில் ரிட்டர்ன். எழுத்துகள் அதே இடத்தில் இருக்க, இவற்றுக்கு மட்டும் ஏன் வேறு பெயர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுத்து விசைகள் டைப்ரைட்டரிலிருந்து அப்படியே வந்தவை, அதனால் எல்லோருக்கும் பொது. சுற்றியுள்ள விசைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

உங்கள் சிக்கல் கன்ட்ரோலில். அது டெலிடைப் எந்திரக் காலத்து விசை. டெலிடைப் என்றால், இங்கே அடிப்பதைக் கம்பி வழியே தொலைவில் அச்சடிக்கும் எந்திரம். கன்ட்ரோலோடு ஜி அழுத்தினால் எதிர்முனையில் மணி அடிக்கும். பிறகு வந்த கம்ப்யூட்டர்களில் கன்ட்ரோல்-சி என்றால், ஓடும் நிரலை நிறுத்து என்று பொருள். ஆப்பிள் 1983-ல் லிசா என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது வெட்டுவது, ஒட்டுவது போன்ற வேலைகளுக்கு ஆப்பிள் படம் போட்ட தனி விசை வைத்தது. அதுதான் இன்றைய மேக்கின் கமாண்ட் விசை, காப்பிக்கு அதோடு சி அழுத்துங்கள். 1984-ல் வந்த முதல் மேக் கீபோர்டில் கன்ட்ரோலே கிடையாது! ஐபிஎம் பிசியில் அப்படித் தனி விசை இல்லாததால், விண்டோஸ் அந்த வேலைகளையும் கன்ட்ரோலின் தலையில் வைத்தது. மேக்கில் கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் டெர்மினல் நிரலில் இன்றும் கமாண்ட்-சி காப்பி, கன்ட்ரோல்-சி நிறுத்தம். எனக்கு இந்தப் பிரிவினைதான் சரி என்று படுகிறது.

கமாண்ட் விசையில் உள்ள படத்தைப் பாருங்கள். நான்கு மூலையிலும் சுழி போட்ட சதுரம், நம் சிக்குக் கோலம் மாதிரியே இருக்கும். மெனுவெங்கும் ஆப்பிள் சின்னமாக இருப்பது ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்கவில்லை. சித்திரக்காரர் சூசன் கேர் குறியீட்டு அகராதி ஒன்றைப் புரட்டி இதைக் கண்டெடுத்தார். சுவீடனில், பார்க்க வேண்டிய இடம் என்று காட்ட வைக்கும் குறி அது.

அப்புறம், டிலீட். நான் டைப்ரைட்டிங் ஹையர் படித்தபோது பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்காது, கேரியேஜ் ஒரு எழுத்து பின்னால் போகும், அவ்வளவுதான். தலைப்பை அடித்து முடித்ததும் பேக்ஸ்பேஸைத் தட்டித் தட்டிப் பின்னால் போய், அடியில் கோடு அடிப்போம். தப்பு விழுந்தால் ரப்பர்தான், காகிதம் ஓட்டையாகாமல் தேய்க்க வேண்டும். இன்று அந்த விசை அழிக்கிறது, அதனால் ஆப்பிள் வைத்த பெயர் பொருத்தம். ஆனால் அதே ஆப்பிள், வரி முடிவில் கேரியேஜைத் திருப்பித் தள்ளிய பழைய ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லை விடவில்லை.

செட்டிங்ஸில் கன்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வழி உண்டு. சரி, உடனே மாற்றிவிட வேண்டாம். கமாண்ட் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் இருப்பதால் கட்டைவிரலாலேயே அழுத்தலாம், சுண்டுவிரலை நீட்ட வேண்டியதில்லை. நாளெல்லாம் கணக்கு அடிக்கும் கைக்கு அது பெரிய ஆறுதல். விண்டோஸ் டிலீட் போல கர்சருக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தை அழிக்க, எஃப்என் விசையோடு டிலீட்டை அழுத்துங்கள்.