நோயாளியின் நலத்தை அளக்கக் கற்பது: புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

இயன்முறை மருத்துவராகப் பணியில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், உங்கள் பிரிவில் ஒவ்வொரு நோயாளியிடமும் வாழ்க்கைத் தர வினாநிரல் ஒன்றை நிரப்பி வாங்க வேண்டியிருக்கிறது என்றும், அந்த மதிப்பெண்களைப் பற்றிக் கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போது பாதிதான் புரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சைக்கோமெட்ரிக்ஸ் எனப்படும் உளஅளவியலைக் கற்க வேண்டுமா, பள்ளியோடு கணக்கை விட்டுவிட்டவரால் அது முடியுமா, வந்த புதிதில் அதற்கு நேரம் ஒதுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அக்கா என்று அழைத்துக் கேட்டிருப்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: கற்க வேண்டும், முடியும், ஆனால் முதல் ஆண்டிலேயே பட்டப்படிப்பில் சேர்ந்துவிடாதீர்கள். நான் செவிலியராக இந்த நாட்டுக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பின்பாதி முழுவதும் இந்த அளவீட்டு வேலையிலேயே கழிந்திருக்கிறது. பதிவுத் தேர்வு, குடியிருப்பு அனுமதி, இரவுப் பணி ஆகிய மூன்றுக்கும் நடுவில் மாலை வகுப்பில் சேர்ந்து, இரண்டாம் பருவத்தோடு நிறுத்திவிட்டு, நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியவள் நான். அந்த இடைவெளியில் நான் கற்றது வகுப்பில் கற்றதைவிட அதிகம் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தத் துறை எதற்காக இருக்கிறது என்பதைப் பற்றி. இரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு, சர்க்கரைக்குக் கருவி உண்டு. வலிக்கும் அசதிக்கும், படியேற முடியாமல் போனதால் வரும் மனக்குறைக்கும் நோயாளியின் வாய்மொழி ஒன்றுதான் கருவி. அந்த வாய்மொழியை ஒரே விதமாகக் கேட்டு, ஒரே விதமாக எண்ணாக்கி, அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதிப்பதே உளஅளவியலின் வேலை. உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை வரையறுக்கும்போது, ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்கும் தம்முடைய இலக்குகளுக்கும் எதிர்பார்ப்புகளுக்கும் முன்னால் தம் நிலையைத் தாமே எப்படி உணர்கிறார் என்பதையே மையமாக வைத்தது. அந்த வரையறையிலிருந்து உருவான வினாநிரலை ஒரே நேரத்தில் 15 மையங்களில் உருவாக்கினார்கள். அவற்றுள் சென்னையும் ஒன்று. வேறு யாரோ செய்து முடித்த கருவியைக் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறோம் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

கணக்கைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு ஒரே ஒரு கணக்கைக் காட்டுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் உங்களுக்குப் புரியாமல் போவதில் பாதி இதுதான். ஒரு வினாநிரலில் நோயாளிகளின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி 10 புள்ளி திட்டவிலக்கத்தோடு (சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) பரவியிருக்கின்றன என்றும், அதன் நம்பகத்தன்மை, அதாவது மதிப்பெண் எவ்வளவு பிழையின்றி நிலையாக வருகிறது என்பதை 0-இலிருந்து 1 வரை சொல்லும் எண், 0.9 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1-லிருந்து 0.9-ஐக் கழித்து, அதன் வர்க்கமூலத்தைத் திட்டவிலக்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 3.2 வரும்; அதுதான் அளவீட்டின் திட்டப்பிழை. ஒரே நோயாளியை இருமுறை அளக்கும்போது பிழை இருமுறையும் நுழைவதால், உண்மையாகவே மாற்றம் நேர்ந்திருக்கிறது என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்வதற்கு ஏறத்தாழ 9 புள்ளி வேறுபாடு தேவைப்படுகிறது. நம்பகத்தன்மை 0.7 ஆகக் குறைந்தால் அதே உறுதிக்கு 15 புள்ளி வேண்டும். ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் ஒரு நோயாளியின் மதிப்பெண் 5 ஏறியிருக்கிறது என்று உங்கள் பிரிவில் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சிக்கு அந்த எண் மட்டும் சான்றாகாது என்பதை இந்தச் சிறு கணக்கே சொல்லிவிடும். நூறு நோயாளிகளின் சராசரி 5 ஏறியிருந்தால் அது வேறு விஷயம். தனித்தனிப் பிழைகள் சராசரியில் பெருமளவு கரைந்துவிடும். ஒருவருக்கும் ஒரு குழுவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் தவறவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றம் பிழையைத் தாண்டியதா என்பது ஒரு கேள்வி. அது நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை சூத்திரத்தில் கிடைக்காது, நோயாளிகளிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நம்பகத்தன்மையைக் கற்பது எளிது. ஒரு வினாநிரலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும், க்ரோன்பாக் 1951-இல் தந்த ஆல்ஃபா என்ற எண்ணை இன்று எந்த மென்பொருளும் ஒரு நொடியில் தந்துவிடும். அதனாலேயே பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பத்து முறை கேட்டாலும் ஆல்ஃபா உயர்ந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் உழைப்பை நீங்கள் செலுத்த வேண்டிய இடம் ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற கேள்வி. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ.-9 வினாநிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. ஆனால் உறக்கம், களைப்பு, பசி ஆகியவற்றைக் கேட்கும் கேள்விகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இதயம் தளர்ந்தவரோ மனச்சோர்வு இல்லாமலேயே உயர்ந்த மதிப்பெண் பெறலாம். 1983-இல் ஸிக்மண்ட், ஸ்னைத் இருவரும் மருத்துவமனை நோயாளிகளுக்கென்று உருவாக்கிய 14 கேள்வி அளவுகோல், உடல்நோயோடு குழம்பக்கூடிய அத்தகைய அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்தது இந்தக் காரணத்தால்தான். எது சிறந்த வினாநிரல் என்று கேட்பதைவிட, யாரிடம், எதற்காகக் கேட்கப்போகிறோம் என்று தொடங்குவதுதான் சரியான வழி.

என் வாழ்வில் நடந்த இரண்டைச் சொல்கிறேன். தொடக்கத்தில் நான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அந்த வாழ்க்கைத் தர வினாநிரலின் 26 கேள்விச் சுருக்க வடிவத்துக்கு மதிப்பெண் இட்டபோது, 3, 4, 26 ஆகிய மூன்று கேள்விகளும் எதிர்த்திசையில் அமைந்தவை என்பதையும், கூட்டுவதற்கு முன் அவற்றைத் திருப்ப வேண்டும் என்பதையும் கவனிக்கவில்லை. வலியால் எவ்வளவு தடைபடுகிறீர்கள் என்ற கேள்விக்கு 'மிக அதிகம்' என்று சொன்னவர்கள் என் அட்டவணையில் நலமானவர்களாக நின்றார்கள். மூன்று வாரங்கள் அந்த அட்டவணை சுற்றில் இருந்தது. ஒரு கேள்விக்கும் மற்றக் கேள்விகளுக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) எதிர்மறையாக இருப்பதை ஒரு புள்ளியியலாளர் காட்டிய பிறகே எனக்குத் தெரிந்தது. கணினியிடம் கொடுக்கும் முன் குறைந்தது பத்துப் படிவங்களுக்காவது கையால் மதிப்பெண் இடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அன்றிலிருந்துதான்.

இன்னொன்று ஒரு முதியவரைப் பற்றியது. படியேறுவதில் சிரமம் உண்டா என்ற கேள்விக்கு 'சிறிதும் இல்லை' என்று குறித்திருந்தார். நடக்கும்போதோ சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். விசாரித்தால், இரண்டு மாதங்களாகக் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டாராம், படியேறுவதே இல்லையாம். ஏறாத படியில் என்ன சிரமம் என்பது அவருடைய நேர்மையான விடை. அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் அவரைத் தவறவிட்டது. இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கவே, கேள்வியைப் படித்தவுடன் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் நேர்காணல் முறை இருக்கிறது. எந்தப் புள்ளியியல் சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். அளவீட்டுக் கருவிகளைத் தெரிவு செய்வதற்கென்று துறை வல்லுநர்கள் வகுத்த காஸ்மின் நெறிமுறைகளும் உள்ளடக்கத்தின் ஏற்புடைமையையே எல்லாப் பண்புகளிலும் முதன்மையானதாக வைக்கின்றன.

இங்கேதான் நம்மைப் போன்று இரண்டு மொழியில் வாழ்பவர்களுக்கு ஒரு பலம் இருக்கிறது; இதைப் பலமென்று நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அசதி, களைப்பு, சோர்வு மூன்றையும் ஒன்றென்று அகராதி சொல்லலாம். வேலை செய்து முடித்தவருக்கு வருவது களைப்பு, காய்ச்சலில் கிடப்பவருக்கு உடம்பெல்லாம் அசதி, சோர்வு உடலுக்கும் வரும் மனத்துக்கும் வரும். மூன்றில் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பது உங்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும். ஒரே மொழியில் வாழ்பவர் இதைப் பாடமாகத்தான் படிக்க வேண்டும். எஸ்.எஃப்.-36 என்ற 36 கேள்வி வினாநிரலின் மூலவடிவம், மிதமான உடலுழைப்புக்கு எடுத்துக்காட்டாக கோல்ஃப் விளையாடுவதையும் தூசி உறிஞ்சும் எந்திரத்தைத் தள்ளுவதையும் சொல்கிறது. அவற்றை ஒருபோதும் செய்யாதவர் என்ன விடை சொல்வார்? ஆகவே மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் மாற்றுவது அன்று. இருவர் தனித்தனியே பெயர்த்து, அவற்றை ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தை அறியாத வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்கே திரும்பப் பெயர்த்துப் பார்த்து, பின் நோயாளிகளிடம் சோதித்து, இறுதியில் ஒரே அளவு நலமுள்ள இரு மொழியினர் ஒரே கேள்விக்கு வேறுவிதமாக விடை சொல்கிறார்களா என்று தரவில் தேடுவது வரை அது நீளும்.

ஆனால் இந்தப் பலத்துக்கு ஒரு பொறியும் உண்டு. உங்களுக்குத் தமிழ் தெரியும் என்று அறிந்தவுடன், தமிழ் பேசும் நோயாளி வரும்போதெல்லாம் படிவத்தை உங்கள் கையில் கொடுத்து, வாய்மொழியாகப் பெயர்த்துக் கேட்டு நிரப்பித் தரச் சொல்வார்கள். நான் மூன்றாண்டுகள் அப்படிச் செய்தேன். ஒரே கேள்வியை ஒருவரிடம் 'மனசு சரியில்லையா' என்றும் இன்னொருவரிடம் 'கவலையாக இருக்கிறதா' என்றும் கேட்டிருப்பேன். அந்த இருவரின் எண்களையும் ஒப்பிடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. நோயாளியின் மகளோ கணவரோ இடையில் நின்று விடை சொன்னால் நிலைமை இன்னும் மோசம். சோதித்து ஏற்கப்பட்ட தமிழ் வடிவம் இருக்கிறதா என்று கருவியின் உரிமையாளரிடம் விசாரித்துத் தருமாறு உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பி.எச்.க்யூ.-9 போன்ற சில தடையின்றிக் கிடைக்கின்றன. பலவற்றுக்கு அனுமதி வேண்டும், ஒரு சொல்லை மாற்றுவதற்கும் வேண்டும். புதிதாக வந்தவர் மறுப்பதா என்று தயங்காதீர்கள். காரணத்தோடு மறுத்த அன்றிலிருந்துதான் என்னை மொழிபெயர்ப்பாளராகப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்த வேலையைக் கற்றவளாகப் பார்த்தார்கள்.

எப்படிக் கற்பது என்பதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது, ஆனால் வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். உங்கள் பிரிவில் இப்போது பயன்படும் வினாநிரல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நீங்களே ஒரு நோயாளியாக நிரப்புங்கள். அதன் கையேட்டையும் அதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட முதல் கட்டுரையையும் படியுங்கள், புரியாத பக்கங்களைத் தாண்டிப் போங்கள். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு, நேர்கோட்டுத் தொடர்புப்போக்கு (ஒன்றைக் கொண்டு இன்னொன்றை நேர்கோட்டால் மதிப்பிடுவது) ஆகிய நான்கும் கைவந்த பின், எந்தெந்தக் கேள்விகள் ஒரே பண்பை அளக்கின்றன என்று பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வுக்குப் போகலாம். டேனிஷ் கணிதவியலாளர் ராஷ் 1960-இல் முன்வைத்த மாதிரியும் அதன் பின்வந்த மறுமொழிக் கோட்பாடுகளும், அதாவது ஒவ்வொரு கேள்வியின் கடினத்தையும் விடை சொல்பவரின் நிலையையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் முறைகளும், அதற்கும் பிறகு. நோயாளியின் முந்தைய விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியைக் கணினியே தெரிவு செய்யும் முறைகளெல்லாம் அந்தக் கோட்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. ஆர் என்ற மென்பொருள் இலவசம், அதில் இவை அனைத்தையும் செய்யலாம். நோயாளிகளின் தரவை மட்டும் அனுமதியின்றி வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோகாதீர்கள். பயிற்சிக்கென்று பெயர் நீக்கிப் பொதுவில் வைத்திருக்கும் தரவுகளே போதும்.

கூட்டத்தில் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் உச்சரிப்பைப் பற்றிய கூச்சத்தில் முதல் இரண்டாண்டுகள் நானும் வாய்திறக்கவில்லை, அதனால் இழந்தது அதிகம். அடுத்த கூட்டத்தில், இந்த வினாநிரலில் எத்தனை புள்ளி மாறினால் நாம் மாற்றமென்று கொள்கிறோம், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். விடை தெரிந்தவர் இருந்தால் அவரே உங்களுக்கு முதல் ஆசிரியர்; ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் அதைத் தேடித் தரும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையால் மதிப்பெண் இட்ட பத்துப் படிவங்களில் எந்தக் கேள்வியில் நோயாளிகள் தயங்கினார்கள் என்று குறித்துவைத்து, பெயரோ வேறு அடையாளமோ இல்லாமல் எனக்கு எழுதுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து நாம் இருவரும் தொடங்கலாம்.