வீரர் ஸ்டீராய்டு (தசையை வளர்க்கும் ஊக்கமருந்து) போட்டால் அரசு ஏன் தலையிட வேண்டும்?

"உடம்பு அவருடையது, அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் இருந்து பார்த்தால் பதில் சுலபம். எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வென்றவர். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் விடியற்காலையிலேயே பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் வெள்ளைப் பொடி தேய்த்துக் கம்பியைப் பிடிக்கிறார்கள். பதக்கம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டு ஜெயித்தவர் பறிப்பது இன்னொரு வீட்டுச் சோற்றை.

அப்புறம், வளரும் வயதில் ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பு முனைகள் சீக்கிரமே மூடி, உயரம் நின்றுவிடலாம். கல்லீரலும் இதயமும் கெடலாம்.

அமெரிக்கா 1990-லேயே ஸ்டீராய்டைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியது. இங்கே 2022-இல்தான் ஊக்கமருந்துத் தடுப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. பயிற்சியாளர் கொடுத்தது என்றாலும், சிறுநீர்ச் சோதனையில் சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் வீரர்தான். பெயரில்லாத மருந்து டப்பாவை உங்கள் பிள்ளை தொடவே கூடாது.