கிருஷ்ணகிரியில் விலங்கியல் படிக்கும் நான், புதைபடிவப் பூச்சிகளையும் உயிருள்ள பூச்சிகளையும் ஆராயும் அறிவியலாளராக முடியுமா?

முடியும். நானும் கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள காவேரிப்பட்டணத்துக்காரன்தான், பூச்சி வகைப்பாட்டியலில் ஆய்வு செய்து வருகிறேன். புதைபடிவத்தை ஆராய விரும்புபவர் உயிருள்ள பூச்சிகளில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாறையில் பூச்சியின் முழு உடல் கிடைப்பது அரிது. பெரும்பாலும் சிறகு மட்டுமே பதிந்திருக்கும். அச்சிறகின் நரம்புகள் எங்கே கிளைக்கின்றன, எங்கே இணைகின்றன என்பதைக் கொண்டே அது வண்டினம், ஈயினம் போன்ற எந்தப் பெரும்பிரிவை (வரிசையை) சேர்ந்தது என்று முடிவு செய்கிறார்கள். இன்று பறக்கும் பூச்சிகளின் சிறகுகளை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அந்தக் கோடுகள் ஒன்றையும் சொல்லா.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் பிராங்க் கார்பென்டரின் (1902–1994) வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று. சிறுவயதில் ஒரு புதைபடிவ வண்ணத்துப்பூச்சியின் படத்தைப் பார்த்து இத்துறையில் ஈர்க்கப்பட்ட அவர், கான்சாஸ் மாநிலத்தின் எல்மோ பகுதியில் கிடைத்த, டைனோசர்களுக்கும் முந்தைய பெர்மியன் காலப் பூச்சிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்; சிறகு விரிந்த நிலையில் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலம் இருந்திருக்கக்கூடிய, தும்பிக்கு உறவான ஒரு பூச்சியை 1939-இல் விவரித்தவரும் அவரே. அதே மனிதர் 1931-இல் வட அமெரிக்காவில் இன்றும் வாழும் தேள் ஈக்களைப் பற்றி விரிவான ஆய்வேடு வெளியிட்டார் என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 1967-இல் எறும்பு ஆய்வாளர்களான எட்வர்ட் வில்சன், வில்லியம் பிரவுன் ஆகியோருடன் சேர்ந்து, நியூ ஜெர்சியில் அம்பர் எனப்படும் இறுகிய மரப்பிசினுக்குள் கிடைத்த ஒரு தொல்லெறும்பை அவர் விவரித்தபோது, குளவியைப் போன்ற தாடைகள் கொண்ட அப்பூச்சியை எறும்பு என்று கருத உதவியவற்றுள் ஒன்று, இன்றைய எறும்புகளின் நெஞ்சுப் பகுதியில் காணப்படும் சிறப்புச் சுரப்பியைப் பற்றிய அறிவாகும்.

நம் மாவட்டப் பாறைகளில் பூச்சிப் படிவங்களைத் தேட வேண்டாம். இங்குள்ள குவாரிகளில் வெட்டப்படும் கற்களில் பெரும்பாலானவை பூச்சியினம் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே உருவானவை. அதற்கு நீங்கள் குஜராத்தை நோக்க வேண்டும். சூரத் மாவட்டத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின் இறுகி உண்டான, சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான அம்பர் கிடைக்கிறது. நீண்ட காலம் தனித்தீவாக மிதந்து வந்த இந்தியாவில் தனித்துவமான பூச்சிகளே இருந்திருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கப் பூச்சிகளோடு உறவுள்ளவை அதில் இருந்ததை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த உறவுகளைக் கண்டறிந்ததும் உயிருள்ள இனங்களோடு ஒப்பிட்டறியும் பயிற்சி பெற்றவர்களால்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இத்துறையின் மீது மதிப்புக் கூடுகிறது.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதைபடிவப் பூச்சிகளுக்கென்றே உள்ள பணியிடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் அத்திசையில் முக்கியமான இடம். உயிருள்ள பூச்சிகளுக்கோ கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகமும், ஓசூருக்கு அருகிலேயே பெங்களூரில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமும் இருக்கின்றன. ஆகவே முதுநிலைக்குப் பிறகு நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வெழுதி, ஒரு பூச்சிக் குடும்பத்தின் வகைப்பாட்டில் முனைவர் பட்டம் பெற்று, அதே குடும்பத்தின் புதைபடிவங்களைக் கூட்டாய்வாக எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாமரங்கள் பூக்கும் பருவத்தில் பூங்கொத்துகளில் மொய்க்கும் தத்துப்பூச்சிகளைச் சேகரித்து, எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் இட்டு, சிறகுகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்த்து நரம்புகளைக் கையாலேயே வரையுங்கள். தத்துப்பூச்சிகளின் உறவினங்கள் புதைபடிவங்களாகவும் கிடைத்துள்ளன. ஒவ்வொரு மாதிரியோடும் ஊர், தேதி, எந்தச் செடியில் கிடைத்தது என்ற குறிப்பை வையுங்கள். அவை இல்லாத மாதிரி ஆய்வுக்கு அநேகமாகப் பயன்படாது. சொந்தத் தோப்பில் சேகரிப்பதோடு நிறுத்தாமல் மேலகிரிக் காப்புக்காடுகளுக்குள் செல்ல விரும்பினால், வனத்துறையின் எழுத்துமூல அனுமதியைக் கல்லூரி வழியாக முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.